கிராண்ட்மாஸ்டர் பட்டமும் பிழைப்பும்

இந்தியாவின் முதல் செஸ் கிராண்ட்மாஸ்டராக விஸ்வநாதன் ஆனந்த் பட்டம் பெற்றது 1988-இல். இரண்டாமவரான கொல்கத்தாவின் திவ்யேந்து பருவா 1991-இல் அந்நிலையை அடைந்தார். மூன்றாமவரான பிரவீண் திப்சேவுக்காக நாடு 1997 வரை காத்திருந்தது. ஏறத்தாழ பத்தாண்டுகளில் மூவர் என்றிருந்த எண்ணிக்கை இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். 2025-ஆம் ஆண்டில் மட்டும் ஸ்ரீஹரி, ஹரிகிருஷ்ணன், ரோஹித் கிருஷ்ணா, இளம்பரிதி என்று நம் பிள்ளைகள் வரிசையாகப் பட்டம் பெற்றனர். விமான நிலையத்தில் மாலை, தலைவர்களின் வாழ்த்துச் செய்தி, பள்ளி வாயிலில் பதாகை என்று மகிழ்ச்சி பொங்குகிறது. பொங்கட்டும், உரிய மகிழ்ச்சிதான்.

ஆனால், இந்தத் தொண்ணூறு பேரும் எதை நம்பி வாழ்கிறார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. ஆட்டத்தின் நுணுக்கங்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. காய்களை நகர்த்தத் தெரியும், அவ்வளவே. எனினும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், ஒரு தொழிலில் நுழைய ஆகும் செலவு என்ன, அதைச் சுமப்பவர் யார், கிடைக்கும் வருவாய் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்பது எனக்குப் பழகிய வேலை.

முதலில் அந்தப் பட்டம் என்னவென்று பார்த்துவிடுவோம். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே வழங்கும் இப்பட்டத்தைப் பெற, ஒருவர் 2500 எலோ புள்ளிகளைத் தொட வேண்டும். அத்துடன் 'நார்ம்' எனப்படும் தகுதிநிலையை மூன்று முறை எட்ட வேண்டும். வலுவான எதிராளிகள் நிறைந்த ஒரு போட்டியில், 2600 புள்ளிகள் கொண்டவர் ஆடுவதைப்போல் ஆடிக் காட்டினால் ஒரு நார்ம் கிடைக்கும். அந்த எதிராளிகளில் கிராண்ட்மாஸ்டர்கள் குறைந்தது மூவராவது இருக்க வேண்டும். பிற நாட்டவரும் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஒருமுறை பெற்றுவிட்டால் பட்டம் ஆயுள் முழுவதும் நிலைக்கும். ஆனால் அதனுடன் ஒரு ரூபாய்கூட மாத வருமானமாக வராது.

எங்கள் துறையின் முனைவர் பட்டம் போன்றதுதான் இது. முனைவர் பட்டம் பெற்ற பிறகும் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களாகத் தொகுப்பூதியத்தில் காலந்தள்ளுவோரை அறிந்தவர்களுக்கு, பட்டத்துக்கும் பிழைப்புக்கும் இடையே உள்ள தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஃபிடே 1950-இல் முதன்முதலாக இப்பட்டத்தை வழங்கியபோது உலகெங்கும் அதைப் பெற்றவர்கள் 27 பேர். இன்றுவரை பட்டம் பெற்றோர் எண்ணிக்கை 2,000-க்கும் மேல். ஒரு காலத்தில் தம் ஊர்ப் போட்டிக்குக் கிராண்ட்மாஸ்டர் ஒருவர் வருகிறார் என்றால், அமைப்பாளர்கள் தங்கும் அறையும் உணவும் கொடுத்து, வருகைக் கட்டணமும் தந்து வரவேற்பார்கள். பட்டதாரிகள் பெருகப் பெருக அந்த வரவேற்பு சுருங்குகிறது. வழங்கல் கூடினால் விலை குறையும் என்பதற்குப் பாடப்புத்தகம் தேவையில்லை.

'உலக சாம்பியன் கோடிக்கணக்கில் சம்பாதிக்கவில்லையா?' என்று வாசகர் கேட்கலாம். சம்பாதிக்கிறார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை 7.5 - 6.5 என்ற கணக்கில் வென்று, 18 வயதில் உலக சாம்பியனானார் குகேஷ். அந்தப் போட்டியின் மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். வென்ற ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம் டாலர், மீதமுள்ளதைச் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்று ஆட்டங்களை வென்ற குகேஷுக்கு 13.5 லட்சம் டாலரும், இரண்டை வென்ற டிங்குக்கு 11.5 லட்சம் டாலரும் கிடைத்தன. நம் பணத்தில் குகேஷின் பங்கு 11 கோடி ரூபாய்க்கு மேல். தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு 5 கோடி ரூபாய் அறிவித்தது. அத்தொகையில் எவ்வளவு வரியாகப் போகும் என்று சமூக ஊடகங்களில் பல நாள்கள் வேடிக்கைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உச்சியிலிருந்து ஒரு படி இறங்குவோம். 2023-இல் பாகூவில் நடந்த உலகக் கோப்பையில் 206 பேர் ஆடினார்கள். வென்ற மேக்னஸ் கார்ல்சனுக்கு 1,10,000 டாலர். இரண்டாமிடம் பெற்ற நம் பிரக்ஞானந்தாவுக்கு 80,000 டாலர். முதல் சுற்றிலேயே வெளியேறிய 78 பேருக்குக் கிடைத்ததோ சில ஆயிரம் டாலர்கள். அவர்களும் சாமானியர்கள் அல்லர். தத்தம் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள். அந்தக் கோப்பையோ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அதற்கும் கீழே உள்ள ஓபன் போட்டிகளில் முதல் சில இடங்களைத் தவறவிட்டவர், பயணச் செலவை ஈடுகட்டினாலே நல்ல வாரம் என்று நினைப்பார்.

பொருளாதார அறிஞர் ஷெர்வின் ரோசன் 1981-இல் நட்சத்திரங்களின் பொருளாதாரம் பற்றி எழுதிய கட்டுரை இந்த அமைப்பைத் தெளிவாக விளக்குகிறது. பாடகரோ ஆட்டக்காரரோ, ஒருவரின் திறமை ஒரே நேரத்தில் கோடிக்கணக்கானோரைச் சென்றடைய முடிகிறபோது, முதலாமவருக்கும் பத்தாமவருக்கும் இடையே உள்ள சிறு திறமை வேறுபாடு மாபெரும் வருமான வேறுபாடாக விரிகிறது. உலகின் மிகச்சிறந்த ஆட்டத்தை எல்லோரும் கைப்பேசியில் இலவசமாகப் பார்க்க முடியும்போது, நூறாவது சிறந்த ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள்? அவருக்கும் முதலாமவருக்கும் இடையே புள்ளிக்கணக்கில் இருநூறு, இருநூற்றைம்பதுதான் வேறுபாடு. வருமானத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

ரோசனுக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே ஆடம் ஸ்மித் இதைத் தொட்டிருக்கிறார். ஒருவர் வெல்ல இருபது பேர் தோற்கும் தொழிலில், தோற்ற இருபது பேருக்கும் கிடைத்திருக்க வேண்டியதையும் சேர்த்து வென்றவர் பெற்றால்தான் கணக்கு நேராகும் என்பது அவர் வாதம். அவர் வழக்கறிஞர் தொழிலை மனத்தில் வைத்து எழுதினார். அங்கும் கணக்கு நேராவதில்லை என்று சொல்லிவிட்டு, மனிதர்கள் தம் அதிர்ஷ்டத்தை மிகையாக மதிப்பதால்தான் அத்தகைய தொழில்களில் கூட்டம் குறைவதில்லை என்றார். நம் ஊரில் கூடுதலாக ஒன்று சேர்கிறது. அதிர்ஷ்டத்தை மிகையாக மதிப்பது பெற்றோர். பந்தயமாக வைக்கப்படுவது பிள்ளையின் இளமைக்காலம்.

இனிச் செலவுப் பக்கம். இந்த ஆட்டத்தின் கருவிகள் மலிவு. ஒரு பலகை, ஒரு கணினி போதும். உலக சாம்பியனையே தோற்கடிக்கக்கூடிய ஸ்டாக்ஃபிஷ் என்ற மென்பொருள் இலவசம். அதனால்தான் நடுத்தரக் குடும்பங்கள் துணிந்து இதில் இறங்குகின்றன. கைச்செலவைக் கரைப்பவை இரண்டு: பயிற்சியாளர் கட்டணம், பயணம். அதிலும் பயணம்தான் பெருஞ்சுமை. புள்ளிகளும் நார்ம்களும் கிடைக்கும் போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் நடக்கின்றன. பிரக்ஞானந்தா தன் பட்டத்தை உறுதிசெய்தது 2018-இல் இத்தாலியின் ஒர்டிசேயில். அவருடைய அக்கா வைஷாலி 2023-இல் ஸ்பெயினில். சிறுவர்கள் தனியே போக முடியாது. உடன் ஒருவர் போக வேண்டும். ஆகவே எல்லாச் செலவும் இரட்டிப்பாகும். பிரக்ஞானந்தாவுடன் ஊர் ஊராகச் செல்லும் தாய் நாகலட்சுமியின் முகத்தை நாடே அறியும். அந்தப் பயணங்களின் பொருளாதாரத்தை அறிந்தவர் சிலரே.

குகேஷின் தந்தை காது மூக்குத் தொண்டை அறுவைச் சிகிச்சை நிபுணர். மகனுடன் பயணம் செய்வதற்காக 2017, 2018-ஆம் ஆண்டுகளில் தம் தொழிலை நிறுத்திவிட்டார். தாய் நுண்ணுயிரியலாளர், வீட்டை அவர் வருமானம் தாங்கியது. அப்போதும் பணம் போதவில்லை. பெற்றோரின் நண்பர்கள் கைகொடுத்தார்கள் என்று குகேஷே சொல்லியிருக்கிறார். இரண்டு மருத்துவத் துறையினரின் குடும்பமே நண்பர்களை நாட வேண்டியிருந்தது என்றால், பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் குடும்பமும், ஆட்டோ ஓட்டுநரின் குடும்பமும் என்ன செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். குகேஷ் வென்றதால் இக்கதை நமக்குத் தெரிகிறது. இதே அளவு செலவழித்து 2400 புள்ளிகளில் நின்றுபோன பிள்ளைகளின் கதை எந்த நாளிதழிலும் வருவதில்லை. வென்றவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து ஒரு பாதையின் பாதுகாப்பை முடிவுசெய்வது, கரை திரும்பிய படகுகளை மட்டும் எண்ணிக் கடலின் தன்மையைக் கணிப்பதற்கு ஒப்பானது.

இங்கே நாகர்கோவிலைச் சேர்ந்த ஷியாம்நிகிலின் பெயரைச் சொல்ல வேண்டும். 2012-க்குள்ளேயே 2500 புள்ளிகளைத் தொட்டு, இரண்டு நார்ம்களையும் பெற்றுவிட்டவர் அவர். மூன்றாவது நார்ம் கிடைத்தது 2024-இல், துபாயில். பன்னிரண்டு ஆண்டுகள்! இந்தியாவின் 85-ஆவது கிராண்ட்மாஸ்டரானபோது அவருக்கு வயது 31. பன்னிரண்டு வயதில் பட்டம் பெறுவோரின் காலத்தில், அவருடைய செய்தி அரைப்பத்தியில் முடிந்துபோயிற்று. ஆனால் செஸ் என்ற தொழிலின் உண்மையான இயல்பை அறிய விரும்புவோர் குகேஷின் வாழ்க்கையைவிட ஷியாம்நிகிலின் வாழ்க்கையைத்தான் படிக்க வேண்டும் என்பேன்.

செஸ் ஆடி மட்டுமே வாழ்வது எக்காலத்திலும் எளிதாக இருந்ததில்லை. 1886-இல் முதல் உலக சாம்பியனான வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ், 1900-இல் நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். 1935-இல் சாம்பியனான நெதர்லாந்தின் மாக்ஸ் யூவ் கணித ஆசிரியர். மிகைல் போட்வின்னிக் மின்பொறியாளர். கிராண்ட்மாஸ்டர்களுக்கு மாத ஊதியம் என்ற ஒன்றை ஒழுங்காக அமைத்தது சோவியத் அரசுதான். அந்த அமைப்பின் அரசியல் நோக்கங்கள் வேறு. ஆனால் ஆட்டக்காரர் அடுத்த மாத வாடகையைப் பற்றிக் கவலைப்படாமல் ஆடலாம் என்ற நிலையை அது உருவாக்கியது. பலன் உலகறிந்தது.

அதற்கு ஓரளவு நிகரான ஓர் ஏற்பாடு நம் நாட்டிலும் இருந்தது. அதற்கு யாரும் விழா எடுத்ததில்லை. பெட்ரோலியப் பொதுத்துறை நிறுவனங்கள், ரயில்வே, ஏர் இந்தியா, பொதுத்துறை வங்கிகள் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் செஸ் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன. போட்டிக் காலத்தில் ஊதியத்துடன் விடுப்பு. ஆடி ஓய்ந்த பிறகும் ஓய்வூதிய வயதுவரை வேலை. ஆனந்தின் தலைமுறைக்கும் குகேஷின் தலைமுறைக்கும் இடையே வந்த பலர் இந்த நிழலில்தான் நின்றார்கள். மகளிர் செஸ்ஸில் நம் முன்னோடியான கோனேரு ஹம்பி ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தில் பணியாற்றுபவர். 2002-இல் தமது 15-ஆம் வயதில் கிராண்ட்மாஸ்டரானார். மகப்பேற்றுக்காகச் சில காலம் விலகியிருந்து, திரும்பி வந்து 2019-லும் 2024-லும் உலக ரேபிட் பட்டத்தை வென்றார். பரிசுத்தொகையை மட்டுமே நம்பியிருக்கும் ஒருவருக்கு அப்படி விலகியிருந்து திரும்பும் துணிவு எளிதில் வராது. அதிலும் பெண்களுக்குப் பரிசுத்தொகை குறைவு. 2025-இல் மகளிர் உலகக் கோப்பையை வென்று கிராண்ட்மாஸ்டரும் ஆன திவ்யா தேஷ்முக்குக் கிடைத்தது 50,000 டாலர். ஆடவர் பிரிவில் இரண்டாண்டுகளுக்கு முன் பிரக்ஞானந்தா இரண்டாமிடத்துக்குப் பெற்றது அதைவிட அதிகம் என்பதை மேலே பார்த்தோம்.

பொருளாதார மொழியில் சொன்னால், பொதுத்துறை நிறுவனங்கள் ஒரு காப்பீட்டாளரின் வேலையைச் செய்தன. தோற்றுவிட்டால் என்ன ஆவது என்ற அச்சத்தைக் குடும்பங்களிடமிருந்து ஓரளவு வாங்கிக்கொண்டன. இன்று அந்த நிழல் சுருங்கி வருகிறது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் தனியார் வசமாயிற்று. நிரந்தரப் பணியிடங்கள் குறைகிற காலத்தில், விளையாட்டு ஒதுக்கீடும் அதற்கேற்பவே குறையும். தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருப்பது ஆறுதல். ஆனால் எத்தனையோ விளையாட்டுகளுக்குச் சேர்த்து மூன்று சதவீதம் அது.

தனியார் ஆதரவு வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனந்த் பெயரிலான வெஸ்ட்பிரிட்ஜ் அகாதெமி 2020-இல் தொடங்கி, குகேஷ் உள்ளிட்ட இளையோரை வளர்த்தது பெரும்பணி. ஆனால் தனியார் ஆதரவு இயல்பாகவே வெல்லக்கூடியவரைத் தேடித்தான் போகும். விளம்பரப் பணம் நடுநிலை ஆட்டக்காரரிடம் வருவதில்லை. அதில் குறை காண்பதற்கும் இல்லை. சந்தையின் இயல்பு அது.

அப்படியானால் நடுநிலைக் கிராண்ட்மாஸ்டர் எப்படி வாழ்கிறார்? ஐரோப்பிய நாடுகளின் கிளப் லீக் போட்டிகளில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பெற்று ஆடுகிறார். இணையத்தில் வாரந்தோறும் நடக்கும் விரைவாட்டப் போட்டிகளில் சில நூறு டாலர்களுக்காக மோதுகிறார். சிலர் ஆட்டங்களை விளக்கிக் காணொளி வெளியிடுகிறார்கள். உச்சியில் இருப்போருக்குத் திறப்பாட்ட ஆய்வு செய்துகொடுக்கும் உதவியாளராகச் சிலர் போகிறார்கள். மிகப்பலர் பயிற்சியாளர் ஆகிறார்கள்.

இந்தக் கடைசிப் பிரிவினரிடத்தில்தான் தமிழ்நாட்டு வெற்றியின் இரகசியம் இருக்கிறது. ஆர்.பி. ரமேஷ் ஒரு கிராண்ட்மாஸ்டர். 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன். இந்தியன் ஆயில் நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் 2008-இல் செஸ் குருகுலம் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பிரக்ஞானந்தா, வைஷாலி, அரவிந்த் சிதம்பரம் ஆகியோர் அங்கிருந்து வந்தவர்கள். குகேஷைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னாவும் ஒரு கிராண்ட்மாஸ்டரே. 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் ஆடவர் அணி தங்கம் வென்றபோது அதன் தலைவராக இருந்து வழிநடத்திய ஸ்ரீநாத் நாராயணனும் அப்படித்தான். இவர்களில் எவரும் உலக சாம்பியன் பட்டத்துக்கு மோதியவர் அல்லர். பரிசுப் பட்டியலை மட்டும் வைத்து அளந்தால் இவர்கள் ஆட்ட வாழ்க்கை நடுத்தரமானது. ஆனால் இவர்கள் இல்லாமல் அந்தத் தங்கப் பதக்கங்கள் இல்லை. ரமேஷ் வேலையை விட்டது துணிவுதான். ஆனால் அந்த வேலையில் இருந்த காலத்தில்தான் அவர் ஆட்டத்தைத் தொடரவும் முதிரவும் முடிந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகவே என் வாதம் இதுதான். செஸ்ஸில் நாம் கண்ட எழுச்சியை உண்டாக்கியவர்கள் நடுநிலைக் கிராண்ட்மாஸ்டர்கள். அரசும் சந்தையும் பணம் கொடுப்பதோ உச்சியில் நிற்பவருக்கு, அதுவும் வென்ற பிறகு. வென்ற பிறகு கொடுக்கும் 5 கோடி ரூபாய், அந்த வெற்றிக்கு வழிவகுக்கவில்லை. பிற பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும் என்று வாதிடலாம்; எனக்கு அதில் ஐயம் உண்டு. ஊக்கத்துக்கு நம் பிள்ளைகளிடம் குறைவில்லை. குறைவாக இருப்பது, பன்னிரண்டு வயதில் ஸ்பெயினுக்குப் பயணச்சீட்டு எடுக்கும் வசதி.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2013-இல் ஆனந்த் - கார்ல்சன் உலகப் போட்டியைச் சென்னையில் நடத்த 29 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்கு ஒதுக்கப்பட்டது 92 கோடி ரூபாய்க்கும் மேல். நான்கே மாத இடைவெளியில் அத்தனை பெரிய விழாவை நடத்திக்காட்டியது நம் அலுவலர்களின் திறமைக்குச் சான்று. ஆனால் செலவழித்த ரூபாய்க்குக் கிடைத்த பலன் என்ற அளவில் எனக்கு மிகவும் பிடித்தது, 2023 டிசம்பரில் தொடங்கிய சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி. அதன் மொத்தப் பரிசு 50 லட்சம் ரூபாய். கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெறச் சில புள்ளிகள் தேவைப்பட்ட நிலையில் குகேஷ் அங்கு வென்றார், டொரன்டோவுக்குப் போனார், அங்கிருந்து சிங்கப்பூருக்கு. வென்ற பிறகு கொடுத்த 5 கோடியைவிட, வெல்வதற்கு முன் செலவிட்ட அந்தத் தொகை பல மடங்கு வேலை செய்திருக்கிறது.

இந்தத் தத்துவத்தை இன்னும் இரண்டு படிகள் கீழே கொண்டுபோக வேண்டும். 2400 புள்ளிகளில் நிற்கும் இருபது வயது இளைஞருக்குத் தேவை, நார்ம் கிடைக்கக்கூடிய ஒரு போட்டி, பேருந்தில் போய் வரும் தூரத்தில். அதற்கு ஒரு கூடம், சில அறைகள், நடுவர்கள், வெளிநாட்டிலிருந்து நான்கைந்து ஆட்டக்காரர்கள் போதும். ஆண்டுக்கு ஒரு டசன் போட்டிகளை மாவட்டத் தலைநகரங்களில் நடத்தினால், நூறு குடும்பங்களின் ஐரோப்பியப் பயணச் செலவு குறையும். அதைவிட முக்கியமானது, அந்தப் போட்டிகளில் ஆட அழைக்கப்படும் நம் நடுநிலைக் கிராண்ட்மாஸ்டர்களுக்கு வருகைக் கட்டணம் கிடைக்கும். ஒரே செலவில் இரண்டு பக்கமும் பயனடைவதைப் பொருளாதாரத்தில் அடிக்கடி காண முடியாது.

கல்வியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆனந்த் தமது 18-ஆம் வயதில் கிராண்ட்மாஸ்டருக்கான தகுதியை அடைந்தார். குகேஷ் அதே 18 வயதில் உலக சாம்பியன். ஒரு தலைமுறைக்குள் தொழில் தொடங்கும் வயது அத்தனை கீழே இறங்கிவிட்டது. ஆனந்த் சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியல் படித்துப் பட்டம் பெற்றவர். டிங் லிரென் பீகிங் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். குகேஷோ நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை. அவர் வென்றுவிட்டார், அவருக்கு அது சரியான முடிவாயிற்று. அவரைப் பார்த்து ஐந்தாம் வகுப்பில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் பெற்றோர் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். ஐந்தாண்டுகள் செலவழித்த பிறகு, இதுவரை போட்ட பணம் வீணாகிவிடுமே என்று மேலும் மூன்றாண்டுகள் செலவழிப்பார்கள். போன பணத்தைப் பார்த்து வருங்காலத்தை முடிவுசெய்யக் கூடாது என்று நாங்கள் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். ஆனால் பிள்ளையின் விஷயத்தில் எந்தத் தகப்பனாருக்கும் அந்தப் பாடம் உதவாது.

எங்கள் கல்வி அமைப்பும் இவர்களுக்கு இணக்கமாக இல்லை. 1990-களின் இறுதியில் என் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். மாநில அளவில் பெயர் பெற்ற ஆட்டக்காரர். விளையாட்டு ஒதுக்கீட்டில் மகிழ்ச்சியுடன் சேர்த்துக்கொண்ட அதே கல்லூரி, போட்டிகளுக்காக வெளியூர் போனதால் வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லை என்று சொல்லி ஒரு பருவத் தேர்வை எழுத விடவில்லை. கோப்பைகள் முதல்வர் அறையின் கண்ணாடி அலமாரியில் இருந்தன. அவர் எப்படியோ பட்டம் முடித்து, வங்கி எழுத்தராகி, இப்போது மாலை நேரங்களில் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கிறார். அந்த இளங்கலைப் பட்டம் மட்டும் கையில் இல்லாவிட்டால் வங்கி வேலை இல்லை. வங்கி வேலை இல்லாவிட்டால் கட்டணமில்லாத அந்த மாலை வகுப்பும் இல்லை.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம் என்ற வசதி இருக்கிறது. அரசின் விளையாட்டு உதவித்தொகையைப் பெறும் ஒவ்வொரு சிறுவரும் அதில் பதிவுசெய்திருக்க வேண்டும் என்று விதிக்கலாம். தேர்வுக் கட்டணத்தையும் தனிப்பயிற்சிக்கான செலவையும் உதவித்தொகையிலேயே சேர்க்கலாம். பல்கலைக்கழகங்கள் தேர்வு நாள்களைப் போட்டி அட்டவணைக்கு ஏற்ப மாற்றித்தரலாம். மாற்ற முடியாது என்று சொல்லும் அதிகாரிகளை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன், ஆனால் புயல் விடுமுறைக்கும் தேர்தல் தேதிக்கும் அவர்கள் மாற்றியதையும் பார்த்திருக்கிறேன். பட்டம் பெற்ற கிராண்ட்மாஸ்டர்களை அரசுப் பள்ளிகளின் ஒன்றிய அளவிலான செஸ் பயிற்றுநர்களாக, உடற்கல்வி ஆசிரியருக்கு நிகரான ஊதியத்தில், போட்டிக் காலத்தில் விடுப்பு உரிமையுடன் நியமிக்கலாம். பொதுத்துறை நிறுவனங்கள் விட்டுச்செல்லும் இடத்தை நிரப்ப எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை. முப்பது, நாற்பது பணியிடங்கள் மாநில நிதிநிலை அறிக்கையில் ஒரு வரியாகக்கூடத் தெரியாது.

போட்டிகளைச் சென்னையிலேயே குவிக்க வேண்டியதும் இல்லை. ஆனந்துக்குத் தேவைப்பட்ட கடைசி நார்ம் கிடைத்தது இத்தாலியிலோ ஸ்பெயினிலோ அல்ல. 1987 டிசம்பரில், கோயம்புத்தூரில், ஒரு நிதி நிறுவனத்தின் ஆதரவில் நடந்த சர்வதேசப் போட்டியில்தான் அவர் அதைப் பெற்றார். குகேஷின் கடைசி நார்மும் 2019 ஜனவரியில் தில்லி ஓபன் போட்டியில் கிடைத்தது. இவ்விருவருமே உள்நாட்டில் ஆடித்தான் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை உறுதிசெய்தார்கள்.